மரத்துக்கு மரம் மாற்றினால் வண்டி வேறாகிவிடுமா?

வாகனப் பதிவு விதிகளை வகுக்கும் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டு 1934 செவ்ரோலெட் பிக்கப்பின் உளுத்த மரச்சட்டத்தை மாற்ற அனுமதி கேட்டு ஏற்கெனவே இரண்டு மனு போட்டுவிட்டேன். பதில் இல்லை. போன மாதம் அதை லாரியில் ஏற்றி ஆய்வுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த அன்றைக்கே, இனி மனு வேண்டாம், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், விதியில் உள்ளதைத்தான் சொன்னார்கள். என் வருத்தம் அந்த விதியின் மேல்தான்.

2021 ஜூலையில் பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தீர்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே விதியில் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இரும்பு வண்டிக்கு அது நியாயம்தான். மரத்தில் கட்டிய வண்டியைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?

இந்த வண்டிகளின் சேசிஸ் இரும்பு. ஆனால் கேபின் முழுக்க உள்ளே மரச்சட்டம், அதன் மேல் தகரத்தைப் போர்த்தி ஆணி அடித்திருப்பார்கள். கதவு தொங்குவது மரக்காலில். அந்தக் கால் நிற்பது அடியில் படுத்திருக்கும் மரக்கட்டையின் மேல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைத்தண்ணீர் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கி அந்த அடிக்கட்டையில் தங்கும், உள்ளுக்குள்ளேயே உளுக்கும், நம் ஊரில் கூடவே கரையானும் சேர்ந்துகொள்ளும். மரம் போனால் தகரத்துக்குப் பிடிமானம் இல்லை. அதே காலத்து ஃபோர்டு மாடல் ஏ அமெரிக்காவில் இன்றும் அவ்வளவு ஓடுகிறது, செவ்ரோலெட் அந்த அளவுக்கு மிஞ்சவில்லை என்றால், பழைய வண்டிக்காரர்கள் முதலில் சொல்லும் காரணம் இந்த மரம்தான். 1930களின் பிற்பாதியில் செவ்ரோலெட்டும் முழு இரும்புக் கேபினுக்கு மாறிவிட்டது.

அதற்காக மரம் மட்டம் என்று அர்த்தமில்லை. வண்டித்தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது மரம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பொள்ளாச்சிச் சந்தைக்குக் கடலைக்காய் மூட்டை ஏற்றிப்போன வண்டி இது. யுத்தக் காலத்தில் பெட்ரோல் ரேஷனில் வந்தபோது கரியை எரித்து எடுக்கும் கேஸில் ஓடியதாகத் தாத்தா சொல்வார். அத்தனைக்கும் தாங்கிய மரம். உளுத்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக்கட்டை வைத்தால் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும்.

அந்தப் புதுக்கட்டை இரண்டு வருடமாக எங்கள் திண்ணையில் கிடக்கிறது. நல்ல பழந்தேக்கு, ஒரு வீட்டைப் பிரித்தபோது வாங்கிய உத்தரம். ஆசாரிக்கு எழுபது தாண்டிவிட்டது. கதவு தொங்கும் பழைய மரக்காலை அளந்து, அட்டையில் மாதிரி வெட்டி வைத்துவிட்டார், எங்கே துளை, எங்கே முளை, எந்த இடத்தில் வளைவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு "அறுக்கலாங்களா தம்பி?" என்று கேட்பார். இன்னும் உத்தரவு வரலைங்க என்பேன். சரி என்று போய்விடுவார். போன தடவை வந்தபோது அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். அவருக்குப் பிறகு இந்த வேலை தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆய்வு நாளில் ஓட்டுநர் பக்கக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் கொண்டுபோனேன். கதவு இப்படித் தொங்கினால் சாலைக்குத் தகுதி இல்லை, சரி செய்து கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆசாரி இருக்கிறார், மரத்தை மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றினால் பாடியில் கைவைத்ததாகிவிடும், அப்புறம் அசல் வண்டி என்று எழுத முடியாது என்றார்கள். அதே மேசையில், ஐந்து நிமிடத்துக்குள். மாற்றாவிட்டால் தகுதி இல்லை, மாற்றினால் அசல் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அதே இடத்தில், அதே அளவில், அதே வடிவத்தில் மரத்துக்கு மரம் மாற்றுவதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம், அதை யாரும் மாற்றம் என்பதில்லை. இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை மோரிஸ் மைனர் டிராவலர் என்ற வண்டியைச் செய்தார்கள், பின்பக்கம் முழுக்க வெளியே தெரியும் ஆஷ் மரச்சட்டம். 2018-இல் நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு விலக்கு வரும் வரை அங்கே வருடாந்தரச் சோதனையில் அந்த மரத்தையும் குத்திப் பார்த்தார்கள், உளுத்திருந்தால் வண்டி தேறாது, மாற்றினால் தேறும். மரத்தை மாற்றச் சொன்னதே அங்கே சட்டம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதி சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும் என்கிறது. எங்கள் ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருக்கிறது. இன்றைக்கு அது ஒரு மூட்டைகூட ஏற்றுவதில்லை, ஆனாலும் ஒரு காலத்தில் உழைத்த வண்டி என்பதால் வெளியே நிற்கிறது. ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸுக்கு இடம் உண்டு, நல்லது, அவையும் வாழட்டும். கடலைக்காயும் கரும்பும் ஏற்றிய வண்டிகளுக்கு மட்டும் ஏன் இல்லை? மும்பை சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே தொழிற்சாலை திறந்து செவ்ரோலெட்டுகளைப் பூட்டி அனுப்பியது. அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போயின? பழைய இரும்புக் கடைக்குத்தான். எடைக்குப் போட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வைத்திருந்து அவர்கள் என்ன செய்வார்கள்? வைத்திருக்க நினைப்பவனுக்காவது வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து மரத்துக்கு மரம் மாற்றுவது பழுதுபார்ப்புதான் என்று ஒரே ஒரு விளக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள், விதியைத் திருத்தக்கூட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எந்த நாள் சொன்னாலும் வண்டியோடு வருகிறேன், ஆசாரியையும் கூட்டி வருகிறேன், உளுத்த காலையும் புதுக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். வரப்போகும் மழைக்கு முன்னால் அந்த நாளைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.