ஜூன் விடுமுறைக்கு முன் தொடக்கநிலை 2 பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கணித வகுப்பில் பிள்ளைகள் லெகோ கட்டுமானக் கட்டைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு, "பாட நேரத்தில் விளையாட்டா?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

சிங்கப்பூரில் 1980களிலிருந்தே தொடக்கநிலைக் கணிதம், பொருளைக் கையால் தொட்டு உணர்தல், அதைப் படமாக வரைதல், பின்னர் எண்ணாகவும் குறியீடாகவும் எழுதுதல் என்னும் மூன்று படிகளைக் கொண்டிருக்கிறது. முதற்படியை அவசரமாகக் கடந்துவிட்ட பிள்ளைகள், மேல்வகுப்பில் எண்களை நீள்செவ்வகப் பட்டைகளாக வரைந்து கணக்குப் போடும்போது, அந்தப் பட்டை எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் திணறுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

இந்த ஆண்டு அறிமுகமாகும் பின்னத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்புறத்தில் எட்டுக் குமிழ்கள் கொண்ட கட்டையின்மேல் நான்கு குமிழ்க் கட்டையை வைத்தால் பாதி மறைகிறது. இரண்டு குமிழ்க் கட்டையை வைத்தால் கால்பங்கு மறைகிறது. இரண்டு கால் சேர்ந்தால் அரை என்பதை ஆசிரியர் சொல்லும் முன்பே பிள்ளையின் விரல்கள் கண்டுகொள்கின்றன. ஒற்றைக் குமிழ்க் கட்டை எட்டில் ஒரு பங்கு. நம் பாட்டிமார் அதற்கு 'அரைக்கால்' என்று அழகான பெயரே வைத்திருந்தார்கள். பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில் நடப்பதால், வீட்டில் அரை, கால், முக்கால், அரைக்கால் என்று தமிழில் பேசுங்கள். ஒரே கருத்தை இரு மொழியில் கேட்கும் பிள்ளைக்கு அது குழப்பமன்று, பலமே.

லெகோ கட்டைகளில் மூன்று தட்டைக் கட்டைகளை அடுக்கினால் ஒரு சாதாரணக் கட்டையின் உயரம் வரும். ஐந்து கட்டை உயரச் சுவரைத் தட்டைக் கட்டைகளால் மட்டும் எழுப்ப எத்தனை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வாய்பாடு தானாக வந்து நிற்கும். ஒரே நிறமுள்ள இரண்டு எட்டுக் குமிழ்க் கட்டைகளை 24 விதமாக இணைக்கலாம் என்பது பெரியவர்களுக்கும் நல்ல புதிர். ஆறு கட்டைகள் என்றால் அந்த எண்ணிக்கை 915 மில்லியனைத் தாண்டுகிறது!

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள், தவறாக அடுக்கினால் உடனே திருத்தாமல், "எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

கட்டைகளை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பை கொடுத்தனுப்புகிறோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சிறிய கட்டைகளை அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள். பள்ளி திறந்ததும் பையைத் திருப்பித் தாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்