விழுந்தெழும்பிற வகுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கராயன் சனங்களுக்கு,

காலபோக அரிவி வெட்டு தொடங்கிவிட்டது. இனி மாசி முடியும்வரை சனிக்கிழமை ஐகிடோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) வகுப்பு இல்லை. வெட்டு மெஷின் எப்போது வரும் என்று வழி பார்த்து நிற்கிற வீட்டில் போய், பிள்ளையை ஐகிடோவுக்கு அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை இந்த இடைவெளியில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மாதர் சங்கத்து அம்மாக்களுக்கு. பொதுநோக்கு மண்டபத்தைக் கேட்டு நான் கொடுத்த கடிதத்தில் 'தற்காப்புக் கலைப் பயிற்சி' என்று எழுதியிருந்தேன். கூட்டத்தில் அதை வாசித்ததும் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, பயிற்சி எண்டா என்ன பயிற்சி?" கொழும்பில் எட்டு வருடம் பழகிவிட்டு வந்தவனுக்கு அது சாதாரணச் சொல்லாகிவிட்டது. போர் நடந்த வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் எத்தனை வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் படங்கள் நினைவுக்கு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நானும் இங்கே பிறந்தவன்தானே.

விளக்கம் சொல்ல வரவில்லை. அந்தச் சீமெந்துத் தரையிலேயே உருண்டு காட்டினேன். ஐகிடோவில் முதல் பாடம் விழுவதுதான், உகேமி என்பார்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையை வளைத்து, ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்கு முதுகில் குறுக்காக உருண்டு எழும்ப வேண்டும். நான் பழகிய முறையில் போட்டியும் இல்லை, கிண்ணமும் இல்லை. ஒருவர் எறிய மற்றவர் விழுவார், பிறகு மாறிக்கொள்வார்கள். "அப்ப உது விழுந்தெழும்பிற வகுப்பு" என்றார் அதே அம்மா. கடிதத்தில் 'பயிற்சி'யை வெட்டிவிட்டு அதையே எழுதிக் கொடுத்தேன். மண்டபத் திறப்பு கைக்கு வந்தது.

அரிசி ஆலை அண்ணைக்கு அடுத்த நன்றி. ஜப்பானில் தத்தாமிப் பாயை வைக்கோலை இறுக்கித் தைத்துத்தான் செய்து வந்தார்கள். வைக்கோலுக்கு எங்களுக்கு என்ன பஞ்சம் என்று பரப்பினேன். இரண்டு கிழமையில் தூளாகி, எல்லோருக்கும் தும்மல். அண்ணைதான் "உமியைப் போட்டுப் பாரும்" என்று லான்ட்மாஸ்டரில் ஏற்றி அனுப்பினார். நாற்பது உரப்பை உமி, மேலே படங்கு. காசு வாங்கவில்லை. படங்கை இழுத்துக் கட்டத் தெரிந்தவர்களுக்கும் இங்கே குறைவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய கைகள்.

தையல் அக்கா, கேட்காமலே காற்சட்டை முழங்காலுக்கு இரட்டைத் துணி வைத்தீர்கள். நாங்கள் முழங்காலில் நடப்பதை எந்த யன்னலால் பார்த்தீர்கள் என்று இன்னும் தெரியாது.

கொத்தேகாயேஷி என்ற மணிக்கட்டுத் திருப்பலை நான் அவசரப்பட்டுக் காட்டி, ஒரு பையனின் கை வீங்கியது. பிழை என்னுடையது. வலித்தால் தட்ட வேண்டும், தட்டினால் உடனே விட வேண்டும் என்பதை அதற்கு முதலே பழக்கியிருக்க வேண்டும். அடுத்த சனி அவனுடைய அம்மா வாசலில் நின்றார். ஏச்சு வாங்கத் தயாரானேன். "தட்டினா விடுறியளோ எண்டு பாக்க வந்தனான்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். இப்போதும் வந்து இருக்கிறார். பிள்ளைகள் என்னைவிட அவருக்குத்தான் பயம்.

தோளில் செல் (எறிகணை) துண்டோடு வருகிற ஐயா உருளமாட்டார். பிள்ளைகள் அவருடைய கையைப் பிடிப்பார்கள், அவர் சும்மா திரும்புவார், பிடித்தவன் பின்னால் இழுபட்டுப் போவான். பலம் போட அந்தத் தோள் விடாது. அதனால் தென்கான் என்ற அந்தத் திரும்பல் அவருக்கு என்னைவிடச் சுத்தமாக வருகிறது. ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா ருஷ்ய–ஜப்பானியப் போருக்குச் சிப்பாயாகப் போனவர் என்றும், 1942இல், இன்னொரு போர் நடந்துகொண்டிருக்கையில், டோக்கியோவை விட்டு இவாமா கிராமத்தில் தோட்டம் செய்யப் போனார் என்றும் ஒருநாள் சொன்னேன். "அப்ப ஆள் எங்கட ஆள்தான்" என்றார்.

கடைசியாகத் தச்சு அண்ணை. பன்னிரண்டு தடி சீவித் தந்தீர்கள். ஐகிடோவில் தடியும் உண்டுதான், ஆனால் அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். உங்கள் உழைப்பு வீணாகிவிட்டதே என்று கேட்க வந்தால், அவற்றில் உங்கள் வீட்டு அக்கா பயற்றங்கொடி படரவிட்டிருக்கிறார். பயற்றங்காய்க்கும் நன்றி.

பங்குனி முதல் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குத் திரும்பவும் தொடங்குவோம். வெட்டு முடிந்த வீடுகளில் கிழியாத உரப்பை இருந்தால் கொண்டுவாருங்கள். எலி பத்துப் பையைக் கடித்துவிட்டது.