நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் அரைமணி நேரம்

அன்புள்ள இளங்கோவுக்கு,

நீ இரவில் போன் பார்க்கும் நேரத்தைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமை அழித்துவிடு என்று சொல்ல வரவில்லை. வகுப்புச் செய்தியே அதில்தானே வருகிறது. அழித்தவன் ஒரே வாரத்தில் மறுபடி ஏற்றிக்கொள்வான்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றுக்கும் நாளுக்குத் தலா 10 நிமிடம்தான். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: கட்டுப்பாடே இல்லாத மற்றப் பிரிவிலும் பதற்றம் கொஞ்சம் தணிந்திருந்தது. அவர்களும் தங்கள் பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதனால் முதல் வாரம் எதையும் குறைக்காதே. உன் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், பயன்பாட்டைக் கணக்கிட்டுக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து, எத்தனை மணி நேரம், எத்தனை முறை அன்லாக் செய்தாய் என்று நோட்டில் குறித்துவை.

இரண்டாம் வாரம் அதிலேயே உள்ள ஆப் டைமரில் இன்ஸ்டாகிராமுக்கு நாளுக்கு 30 நிமிடம் வை. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அந்த டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்கிவிடும். 11.50க்கு மூடிய ரீல்ஸ் 12.01க்குத் திறந்துகொள்ளும். புத்தகத்துக்கு அத்தியாய முடிவு உண்டு, ரீல்ஸுக்கு அது கிடையாது. 1 மணிக்குப் படுத்து 6.30க்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம். உன் வயதுக்குக் குறைந்தது 7 வேண்டும். மறுநாள் எரிச்சலும் பாடம் மண்டையில் ஏறாததும் பாதி இதனால்தான்.

தூங்கும் நேரத்துக்கான பெட்டைம் மோடும் அதே இடத்தில் இருக்கிறது, அதை இரவு 10.30க்கு வை. திரை கறுப்பு வெள்ளையாகும், ஆனால் ஆப்பைப் பூட்டாது. ஆகவே சார்ஜரைக் கட்டிலருகே வைக்காமல் அறையின் மறுகோடியில் மாட்டு. 'அலாரம் வேண்டுமே' என்றுதான் போன் தலையணைக்கடியில் வந்து சேர்கிறது. சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்.

பிளேஸ்மென்ட் சமயத்தில் ஆஃபர் லெட்டர் படங்கள் குவியும். மனதை அரிப்பவர்களை ம்யூட் செய். அவர்களுக்குத் தெரியவே தெரியாது, மனஸ்தாபமும் வராது.

இவ்வளவும் செய்தும் இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வெறும் போன் பிரச்சினை இல்லை. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசு. இலவசம், தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று: பெட்டைம் மோடு அழைப்புகளையும் அமுக்கிவிடும். அம்மா எண்ணுக்கு ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்ட எண்களின் அழைப்பை மட்டும் அனுமதித்துவை.

அன்புடன்,
அப்பா