வத்தைக்கு ஓர் இடம்: நாவாய் அருங்காட்சியகம் அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கடலை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். வத்தை என்கிற பாய்மர மீன்பிடிப் படகை ஓட்டிய குடும்பம் எங்களுடையது. ஊரில் புழங்காமல் கிடந்த பழைய மீன் ஏலக்கூடத்தில் நாங்களே சேர்த்து வைத்திருக்கும் பொருட்களைப் பார்த்துக்கொள்வது, வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, மழைக்கு முன் தார்ப்பாய் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் என்று அறிவித்தீர்கள். பாண்டியர்களின் கடல் வணிகப் பெருமையைச் சொல்லும் இடம் என்றீர்கள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். இப்போது எழுதுவது அதைக் குறை சொல்ல இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்கு அளவெடுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டு வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கட்டடத்தில் முழு அளவு வத்தை ஒன்றுக்கு இடம் கொடுங்கள், அதைச் செய்தவர்களின் பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

எழுதத் தூண்டியது ஒரு கண்காட்சி. நடத்தியவர்கள் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை; படித்தால் அவர்களுக்கே தெரியும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் செய்த சின்ன மாதிரி வத்தையை இரவல் கேட்டு வாங்கிப் போனார்கள். ரசீது கேட்டேன். "எதுக்கும்மா ரசீது, பொம்மைதானே?" என்று சிரித்தார் வந்தவர்.

அந்தப் 'பொம்மை' எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரியவர் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்தவர் இல்லை. சின்ன வயதில் ஓடாவி வேலை, அதாவது படகு கட்டும் தச்சு வேலை, நடக்கும் இடத்தில் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கற்றவர். அப்புறம் கடலுக்குப் போனார். கண் மங்கிக் கரையில் உட்கார்ந்த பிறகுதான் உளியைக் கையில் எடுத்தார். கட்டைக்குக் கலியாண முருங்கை, கயிற்றுக்கு வலை நூல், பாய்க்குப் பழைய வேட்டி. பருத்தி வலைக் காலத்தில் சாயம் ஏற்றப் பனிச்சங்காய் உண்டு. இப்போது கிடைப்பதில்லை என்பதால் தேயிலைத் தண்ணீரில் முக்கி அந்தச் செம்மண் நிறத்தைக் கொண்டுவருகிறார். அளவுகோல் தொடமாட்டார், எல்லாம் சாண் கணக்குதான். கட்டி முடித்ததும் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். ஒரு பக்கம் சாய்ந்தால் வலையில் கட்டும் ஈயக் குண்டை அடியில் இங்கும் அங்கும் நகர்த்தி, நேராக நிற்கும் வரை விடமாட்டார். அலமாரியில் வைக்கிற பொருளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். "மிதக்காட்டி அது என்னாத்தா வத்தை?" என்றார்.

எல்லாவற்றையும் விட அதில் முக்கியம் குறுக்குப் பலகை. உங்களுக்குத் தெரிந்ததுதான்: எங்கள் பாக் நீரிணைப் பக்கத்து வத்தைக்கு மூன்று பாய்மரம், தட்டையான அடி. காற்று பலத்தால் கவிழாமல் இருக்க, படகுக்குக் குறுக்கே நீளும் பலகையில் ஆட்கள் ஏறிக் காற்று வரும் பக்கமாகத் தள்ளித் தள்ளி உட்கார்வார்கள். காற்று கூடினால் இன்னொருவர் ஏறுவார். பாய் மாறினால் பலகையும் மறுபக்கம் மாற வேண்டும். பெரியவர் செய்த மாதிரியிலும் அந்தப் பலகை நகரும். விரலால் தள்ளிப் பார்க்கலாம்.

கண்காட்சிக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு பெரியவரும் வந்தார், நானும் போனேன். நுழைவாயில் மேசையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ரோஜா இதழ்களுக்கு நடுவே வத்தை இருந்தது. கீழே ஓர் அட்டை: 'பாய்மரக் கப்பல், பாண்டியர் காலம்.' பலகையை யாரோ உருவி எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள், இடைஞ்சலாக இருந்திருக்கும் போலிருக்கிறது. பாயைப் பிடுங்கி முன்பின்னாகக் கட்டியிருந்தார்கள். பெரியவர் கோபப்படவில்லை. அட்டையைப் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "பாண்டியருக்கு எம் பேரு தெரியலை போல" என்றார். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படகு திரும்பி வந்தபோது நடு மரம் முறிந்திருந்தது. பலகை வரவே இல்லை.

நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் நம்பிக்கை மட்டும் போதாது என்பதையும் கற்றுக்கொண்டுவிட்டோம். அதனால் திரும்பவும் சொல்கிறேன்: வத்தைக்கு ஓர் இடம், செய்தவருக்கு ஒரு பெயர்.

நாவாய் அருங்காட்சியகம் என்றால் அழகன்குளத்து ஓட்டுச் சில்லு இல்லாமல் இருக்காது. வைகை கடலில் சேரும் இடத்தருகே தோண்டியபோது கிடைத்தது. கப்பல் ஒன்றைக் கீறிய பானை ஓடு. ரோமானியர் காலத்துப் பெரிய கப்பல் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு நல்ல விளக்கு, நல்ல கண்ணாடி எல்லாம் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். எனக்கு ஒரு சந்தேகம்தான். அதைக் கீறியவர் யார்? அரசவை ஓவியரா? இருக்காது. துறையில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த எவரோ ஒருவர், கையில் கிடைத்த ஓட்டில் கையில் கிடைத்த கூரால் கீறியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு தம்பி அப்படி இருக்கிறார். லாரிக்கு எழுத்து எழுதுவதைப் பார்த்துப் பழகியவர். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும் அந்த 61 நாளும் அவருக்கு ஓய்வே கிடையாது. அந்தோணியார், காளியம்மன், பிறை, சுறா, நடிகர், கட்சிக் கொடி என்று யார் எதைக் கேட்டாலும் படகின் முன்பக்கமான அணியத்தில் வரைந்து கொடுப்பார். மிச்சமான எனாமல் பெயின்டை வைத்து எங்கள் ஏலக்கூடச் சுவரில் சீலா, பாரை, ஊளி, ஓரா, கிளாத்தி, காரல் என்று இந்தக் கடலின் மீன்களை ஒவ்வொன்றாக வரைந்து, பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரையும் எழுதி வைத்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மீன் பெயர் படித்தார்கள். போன வருஷம் விழிப்புணர்வு வாசகம் எழுத வேண்டும் என்று ஆள் வந்து ஒரே நாளில் வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். 'கடலைக் காப்போம்' என்று எழுதினார்கள். ஒரு டால்பின் வேறு வரைந்தார்கள், மூக்கு கிளி மாதிரி இருக்கிறது.

ஓட்டில் கீறியவருக்குக் கிடைக்கிற மரியாதை சுவரில் வரைந்தவருக்கும் கிடைக்க ஈராயிரம் வருஷம் ஆக வேண்டுமா?

இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்ற மீன்பிடி ஊரில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்று ஒருவர் இருந்தார். கடலோடி, பிறகு பழைய சாமான் வியாபாரி. எழுபது வயதை ஒட்டி, மனைவி இறந்த பிறகு, கிடைத்த அட்டையில் படகுக்கு அடிக்கும் பெயின்டால் கடலை வரைய ஆரம்பித்தார். 1928-இல் இரண்டு ஓவியர்கள் தற்செயலாக அவர் வீட்டைக் கடந்து போனபோது பார்த்துப் பேர் பரவியது. ஆனால் 1942-இல் அவர் இறந்தது ஏழைகள் விடுதியில். இன்று அதே ஊரிலேயே பெரிய கலைக்கூடம் இருக்கிறது, அவர் படங்களைப் பார்க்க உலகம் வருகிறது. முதலில் சாகட்டும், பிறகு கொண்டாடலாம் என்ற அந்த வரிசையை நாமும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பெரியவர் உயிரோடு இருக்கிறார். சாயங்காலம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

படிக்காதவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்த ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா என்ற பாய்மரக் கப்பலை யோசித்துப் பாருங்கள். அஜந்தாவின் 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைத் தவிர அந்தக் கப்பலுக்கு வரைபடமே இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்து அதை எழுப்பியவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள், தலைமை தாங்கியவர் பாபு சங்கரன். அவர் பெயரை அரசே வெளியில் சொன்னது. சொன்னதால் கப்பலின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

உங்கள் அரசுக்கே இது புதிதும் இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தக் கரையோரப் படகுகளையெல்லாம் பார்த்து, எங்கள் குறுக்குப் பலகை வரை விவரமாக எழுதி வைத்தார். அவர் எழுதி நூறு வருஷம் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஓர் அதிகாரி மணலில் இறங்கிப் பார்த்த படகை இன்று நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்குத்தான் வர வேண்டும். வருகிறீர்கள், கொடியசைக்கிறீர்கள், பரிசும் கொடுக்கிறீர்கள். போட்டி முடிந்ததும் கார் கிளம்பிவிடுகிறது. மற்ற நாளெல்லாம் கடலில் ஃபைபரும் மோட்டாரும்தான். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், வயிறு இருக்கிறது. ஆனால் மர வத்தை கட்டும் கை அடுத்த தலைமுறையில் இருக்காது.

இந்த மாவட்டத்துப் படகுகள் கூட்டமாக நிற்கும் காட்சிச்சாலை எது தெரியுமா? இலங்கையில் மயிலிட்டித் துறைமுகம். பிடிபட்ட படகுகள் வரிசை வரிசையாக நின்று மக்கிக்கொண்டிருக்கின்றன, அனுமதிச் சீட்டு இல்லை, பார்க்க யாரும் வருவதும் இல்லை. எல்லை தாண்டியது, இழுவைமடி வலை, அந்தக் கரைக்காரர்களின் வயிற்றெரிச்சல், எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது, அதை இங்கே பேசி முடிக்க முடியாது. ஆனால் எங்களைப் பற்றி வரும் செய்தியெல்லாம் கைது, சிறை, பறிமுதல் என்றே இருக்கிறது. கடலோரத்தில் குடியிருக்கும் எங்களில் பாதிப்பேருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் ஏலக்கூடத்துக்கு மின் இணைப்பு இல்லை, மின்சாரம் இல்லாததால் ஒரு விளக்கு போட்டு எதையும் காட்ட முடியாது. மேடையில் ஏறினால் மட்டும் நாங்கள் 'கடலின் மைந்தர்கள்'. மைந்தர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டுதானே, இந்த 21 கோடியில்?

மன்னிக்கவும். பேச்சு எங்கோ போய்விட்டது. கோபத்தைக் காட்ட இதை எழுதவில்லை. கேட்டு வாங்கத்தான் எழுதுகிறேன்.

பாண்டியர் காலத்து முத்தும், பெரியபட்டினத்துச் சீனப் பீங்கானும், நாணயமும் எல்லாம் வையுங்கள். அந்தச் சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் சுமந்தவர்கள், கப்பலுக்குப் பலகை அறுத்தவர்கள், முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி இறங்கியவர்கள் யாருடைய முன்னோர் என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல அந்த மண்டபத்தில் எங்கள் படகும் நிற்கட்டும். அட்டை எழுதும்போது எங்களில் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வந்து போகும் நாளுக்குக் கூலி கொடுங்கள், அன்றைய தொழில் போய்விடும் என்பதால் கேட்கிறேன். பாய் எந்தப் பக்கம் கட்டுவது என்று சொல்லித் தருகிறோம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் கரையில் கடைசியாக ஓடிய வத்தைகளில் ஒன்று ஏலக்கூடத்துக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது. அடிப்பலகை இரண்டு போய்விட்டது, மற்றதெல்லாம் உறுதியாக இருக்கிறது. குறுக்குப் பலகையும் பாய்மரங்களும் தனியே பத்திரமாக உள்ளன. படகின் சொந்தக்காரரான சம்மாட்டி அதைச் செங்கல் சூளைக்கு விறகாகக் கொடுக்க விலை பேசியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நிற்கிற இடத்துக்கு வலைக் கொட்டகை போட வேண்டும். அருங்காட்சியகத்துக்கு என்றால் சூளைக்காரர் தரும் விலைக்கே தருகிறேன், வாடை மழை தொடங்கும் வரை பொறுக்கிறேன் என்று ஊர்க் கமிட்டி முன்னால் சொல்லியிருக்கிறார்.

ஆகவே வத்தைக்கு ஓர் இடம், செய்தவர்களுக்கு ஒரு பெயர் என்ற இந்தக் கோரிக்கையை ஏற்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒருவரையாவது அனுப்பிப் பார்வையிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏற்றிச் செல்ல நீளமான லாரி ஒன்று வேண்டும். தூக்கி ஏற்ற ஆட்களை நாங்கள் தருகிறோம், அதற்குக் கூலி வேண்டாம். முடியாது என்றால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள், சம்மாட்டியிடம் காட்ட வேண்டும். எடுத்துச் செல்வதானால், இந்த முறை ரசீது கட்டாயம்.

இப்படிக்கு,
ஏலக்கூடத்துச் சாவி வைத்திருப்பவள்