காதில் இயர் பிளக்கோடு கச்சேரி கேட்பது

அன்புள்ள கலை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை விட்டுக்கொண்டே இருக்கச் சொல். பார்வை தெளிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே திருச்சியில் எல்லோரும் நலம். மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய்தான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

போகிற போக்கில் நீ எழுதிய ஒரு விஷயத்துக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். போன கச்சேரிக்குப் பிறகு இரண்டு நாள் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்டது, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது என்கிறாய். அடுத்த மாதம் நந்தனம் மைதானத்தில் நடக்கும் கச்சேரிக்குக் குடும்பத்தோடு டிக்கெட்டும் எடுத்துவிட்டீர்கள். சந்தோஷமாகப் போய்வாருங்கள். ஆனால் யாரும் வெறும் காதோடு போகக் கூடாது, காதை அடைத்துச் சத்தத்தைக் குறைக்கும் இயர் பிளக் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்தச் ‘சரியாகிவிட்டது’ என்பதை நான் நம்பமாட்டேன். உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய முடிச்செல்கள் (முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள்) ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அளவுக்கு மீறிய சத்தத்தில் அவை களைத்துப்போகும்போதுதான் காது அடைத்த மாதிரி இருக்கும், ரீங்காரம் கேட்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் கேட்கும் திறன் பழையபடி வந்துவிடும். அதனால் சேதம் ஒன்றுமில்லை என்றுதான் மருத்துவ உலகமும் வெகுகாலம் நினைத்தது. 2009-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்க வைத்துப் பார்த்தார்கள். எலிகளின் கேட்கும் திறன் முழுதாகத் திரும்பிவிட்டது. ஆனால் முடிச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் இடங்களில், சில பகுதிகளில் பாதிவரை, நிரந்தரமாக அழிந்திருந்தன. உயிரோடு இருக்கும் மனிதரின் காதை அப்படி அறுத்து எண்ணிப் பார்க்க முடியாது. ஆனாலும் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று வருகிற ஒருவர், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பக்கத்தில் பேசுவது புரியவில்லை என்று சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று இந்தத் துறையில் பலர் கருதுகிறார்கள். ரீங்காரம் என்பது காது முன்கூட்டிக் கொடுக்கும் எச்சரிக்கை இல்லை. அளவு தாண்டிய பிறகு வருவது.

எது அளவு? அமெரிக்காவின் தொழிலிட நல ஆய்வு நிறுவனம் வைத்த கணக்கைத்தான் காது கேட்பதைப் பரிசோதிக்கிற நாங்களும் கையாள்கிறோம். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. மைதானக் கச்சேரியில் சராசரி 100 என்பது சாதாரணம். மூன்று மணி நேரம் அங்கே இருந்தால் ஒரு நாளுக்கு உரிய அளவைப்போல் பன்னிரண்டு மடங்கை ஒரே மாலையில் காது வாங்கிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்கு வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. வருகிறவர்களுக்கு இயர் பிளக் கிடைக்கச் செய்ய வேண்டும், காது ஓய்வெடுக்க ஓர் அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் 93 டெசிபலுக்கு மேல் போகிற நிகழ்ச்சிகளில் இலவசமாக இயர் பிளக் கொடுப்பது சட்டம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, எல்லைச் சுவரில் இத்தனை டெசிபல்தான் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்ற. காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. வாசலில் தண்ணீர் பாட்டில் விற்கிற மாதிரி இயர் பிளக்கும் வைத்தால் என்ன என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பிளக் உண்மையிலேயே உதவுமா என்று யாழினி கேட்பாள். அவளுக்கு ஆதாரம் வேண்டும். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவில் 51 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். பிளக் வைக்காதவர்களின் காதுகளில் 42 சதவீதத்தில் தற்காலிகச் செவித்திறன் இழப்பு. வைத்தவர்களின் காதுகளில் 8 சதவீதம். ரீங்காரம் வந்தவர்கள், வைக்காதவர்களில் 40 சதவீதம், வைத்தவர்களில் 12 சதவீதம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

சரி, எதை வாங்குவது? மருந்துக் கடையிலும், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும் ஃபோம் பிளக் ஜோடி பத்து இருபது ரூபாய்தான். உறையில் என்.ஆர்.ஆர். 29 என்பதுபோல், எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டும் ஓர் எண் இருக்கும். அது ஆய்வகத்தில், தெரிந்தவர் சரியாகப் பொருத்தியபோது கிடைத்த எண். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. எச்சரிக்கையாகக் கணக்குப் போட, எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து இரண்டால் வகு. 29-க்கு 11 டெசிபல். 100 டெசிபல் கச்சேரி காதுக்கு 89 ஆகிறது. அதற்கு அனுமதி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு கச்சேரிக்குச் சரியாகப் போதும். அதே பிளக்கோடு 105 டெசிபல் அடிக்கிற முன்வரிசையில் உட்கார்ந்தால் காதுக்குப் போவது 94, ஒரு மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். ஆகவே பிளக்கோடு இடமும் முக்கியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபோம் பிளக்கில் பலர் செய்யும் தவறு, காது வாசலில் செருகிவிட்டு விட்டுவிடுவது. பாட்டு கொஞ்சமாவது கேட்கட்டும் என்று வேண்டுமென்றே அரைகுறையாக வைப்பவர்களும் உண்டு. அதில் நேர்மாறாகத்தான் ஆகும். இடுக்கு வழியாக டிரம்ஸும் பேஸும் தாராளமாக உள்ளே போகும். குரலின் தெளிவும் வயலினின் மினுக்கமும்தான் வெளியே நிற்கும். காதும் பிழைக்காது, பாட்டும் கெடும்.

வைக்கும் முறை இதுதான். கையைக் கழுவித் துடைத்துக்கொள். பிளக்கை விரல் நுனிகளால் உருட்டிக்கொண்டே வா. ஊதுபத்திக் குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக, மடிப்பு விழாமல் வர வேண்டும். அமுக்கி மடித்தால் அந்த மடிப்பே சத்தத்துக்கு வாய்க்காலாகிவிடும். வலது காதுக்கு வைக்கிறாய் என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், வலது காது மடலின் மேல் பக்கத்தைப் பிடித்து மேலும் பின்னும் இழு. காதுக் குழாய் நேராக இல்லை, வளைந்து போகிறது. இழுத்தால்தான் நேராகும். உடனே வலது கையால் பிளக்கை உள்ளே தள்ளி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள். ஃபோம் மெல்ல விரிந்து குழாயை நிரப்பும். கையை எடுத்துவிட்டால் அது விரிந்தபடியே வெளியே வழுக்கி வரும். இந்த அரை நிமிடப் பொறுமைதான் எல்லாம்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, சத்தமான இடத்தில் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுகப் பொத்தித் திற. சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் பிளக் நன்றாக அடைத்திருக்கிறது. பொத்தியதும் சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது, எடுத்துவிட்டுப் புதிதாக உருட்டி வை. ‘ம்ம்’ என்று முனகிப் பார்த்தால் குரல் தலைக்குள் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் இரண்டும் ஒரே மாதிரி பொருந்தவில்லை. உன் குழாய் குறுகல் என்று நினைக்கிறேன், சிறிய அளவு பிளக்கை வைத்துப் பார்.

யாழினிக்கு ஃபோம் பிடிக்காமல் போகலாம், அவள் வீணை கற்றவள். ஃபோம் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. திறந்த காதுக் குழாய் 2,700 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தானே 15 டெசிபல்போலத் தூக்கிக் கொடுக்கிறது. குழாயை அடைத்தால் அந்த உயர்வு போய்விடும். ஃபோம் வேறு மேல் சுருதிகளைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. 1980-களின் கடைசியில் எட்டிமோட்டிக் நிறுவனம், போன அந்த உயர்வைத் திருப்பித் தருகிற மாதிரி சின்ன வடிகட்டி வைத்த பிளக்கை இசைக் கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது. எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். பாட்டு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் இறங்கும். இப்போது அந்த வகையில் ரெடிமேட் சிலிகான் பிளக்குகள் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் பல நிறுவனங்களிலிருந்து கிடைக்கின்றன. காதுக்கு அச்சு எடுத்துச் செய்து தருபவற்றில் 9, 15, 25 டெசிபல் என்று வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம், விலை பல ஆயிரம். மேடையில் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது தேவை. வருஷத்துக்கு இரண்டு மூன்று கச்சேரி கேட்க ரெடிமேடே போதும். பெட்டியில் இரண்டு மூன்று அளவு முனை இருக்கும், இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது சகஜம். ஆனால் இந்த வகை குறைப்பது 12-லிருந்து 20 டெசிபல்தான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பதற்கு அது போதாது.

ஒன்றை மறக்காதே. உள்ளே போகும்போதே வை, கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வரும்வரை எடுக்காதே. மூன்று மணி நேரத்தில் பதினெட்டு நிமிடம் கழற்றி வைத்தால், 20 டெசிபல் பிளக்கின் பலன் மொத்தத்தில் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். பிடித்த பாட்டு வந்தது, பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொன்னார் என்று எடுத்து எடுத்து வைப்பதில்தான் இந்தப் பதினெட்டு நிமிடம் சேர்கிறது. பேசுவதற்கும் எடுக்க வேண்டியதில்லை. பிளக் வைத்தவர் தன் குரல் பெரிதாகக் கேட்பதால் அறியாமல் மெதுவாகப் பேசுவார், கொஞ்சம் உரக்கப் பேசினால் போதும். யாரும் யார் காதிலும் வாயை வைத்துக் கத்தக் கூடாது. அதுவே ஒரு தாக்குதல்தான்.

இடத்துக்கு வருகிறேன். முன்னால் இருக்கும் வி.ஐ.பி. வரிசை கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். நல்லதாகப் போயிற்று. சப்-ஊஃபர்கள் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) பெரும்பாலும் மேடைக்கு முன்னே தரையில்தான் இருக்கும், ஓரங்களில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைக்கும் அந்த வி.ஐ.பி. இடம்தான் மிக அருகில். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் தூரம் இரட்டித்ததும் 6 டெசிபல் குறையும். தொங்கும் நீண்ட வரிசை அவ்வளவு சீக்கிரம் குறையாது, 3 என்று வைத்துக்கொள். மைதானத்தின் நடுவில் மிக்ஸர் மேசை இருக்கும் பந்தலைப் பார்த்து, அதற்குக் கிட்டே உட்காருங்கள். ஒலி சீர்செய்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அமைக்கிறார், ஆகவே பாட்டு மிகச் சமமாகக் கேட்கும் இடமும் அதுதான். பின்னால் போனால் தப்பித்தோம் என்றும் நினைக்காதே. பின்வரிசைக்காரர்களுக்காகத் தனியாகத் தூண்களில் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், அதன் கீழே உட்கார்ந்தால் முன்வரிசைக்குச் சமம்.

உன் தம்பி மகனுக்கு நான்கு வயதுதானே, அவனுக்கு பிளக் வேண்டாம். குழாய்க்குப் பொருந்தாது, வாயில் போட்டுக்கொண்டாலும் ஆபத்து. குழந்தைகளுக்கான இயர் மஃப் வாங்கி, வீட்டில் கார்ட்டூன் பார்க்கும்போது போட்டுப் பழக்கு. மைதானத்தில் முதன்முதலாகப் போட்டால் பிடுங்கி எறிவான். பெரியவர்கள் யாராவது மஃப் போடுவதானால், மாட்டலும் பெரிய ஜிமிக்கியும் கண்ணாடிக் கம்பியும் மெத்தைக்கு அடியில் இடுக்கு உண்டாக்கும். அண்ணனுக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வடியும் என்று சொல்லியிருக்கிறாய். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முதலில் காட்டட்டும். சர்க்கரை வேறு இருக்கிறது, அழுக்கு பிளக்கால் தொற்று வந்தால் லேசில் ஆறாது. குரும்பி நிறைய இருப்பவர்களுக்கு பிளக் அதை உள்ளே தள்ளி அடைத்துவிடும். அதற்காகப் பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது, அதுவும் உள்ளேதான் தள்ளும். டாக்டரே எடுத்துவிடுவார். பஞ்சைத் திணித்துக்கொள்வதால் சில டெசிபல்தான் குறையும், அது போதாது என்று அத்தையிடம் சொல்லிவிடு.

கழற்றும்போது சட்டென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செவிப்பறை சுரீர் என்று இழுபடும். வண்டி ஓட்டுவதற்கு முன் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஃபோம் பிளக்கைக் கழுவிப் பயனில்லை, அழுக்கானாலோ விரியும் தன்மை குறைந்தாலோ தூக்கிப் போடு. சிலிகானை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்தலாம், வடிகட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது.

மறுநாள் காதுக்கு அமைதி கொடு, ஹெட்போன் வேண்டாம். ரீங்காரம் இருந்தால் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடாதே. எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், கோளாறு அதற்கு உள்ளே. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும், அதற்கான சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

நீ கச்சேரிக்கு முன்பே ஒரு ஆடியோகிராம், அதாவது ஒவ்வொரு சுருதியும் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பரிசோதனை, எடுத்துவிடு. 250-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள். 3,000, 6,000 இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல், அவற்றைச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். சத்தத்தால் வந்த சேதம் முதலில் 4,000-ஐ ஒட்டித்தான் பள்ளமாகத் தெரியும். தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்க்கிறேன்.

பத்து ஜோடி ஃபோம் பிளக் கூரியரில் போட்டிருக்கிறேன், அதில் நான்கு சிறிய அளவு. வீட்டிலேயே டி.வி. சத்தத்தில் எல்லோரும் வைத்துப் பழகுங்கள். யாருக்காவது வெளியே வழுக்கி வந்தால் எந்தக் காது, எந்த அளவு என்று எழுது. சிலிகான் வாங்குவதா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
மல்லிகா