தொட்டித் தண்ணீரில் பார்த்தது

முத்தையன்கட்டு

அன்பு மகளுக்கு,

நீ கொடுத்துவிட்ட பெட்டி போன கிழமை வந்து சேர்ந்தது. அம்மா திறந்து பார்த்துவிட்டு, "கோழி இறகைக் கனடாவிலிருந்தா அனுப்ப வேண்டும்?" என்று கேட்டாள். வான்கோழி என்று சொன்னேன். அதற்கும் சிரித்தாள்.

தூண்டிலில் இறகும் நூலும் சுற்றி நீ கட்டிய ஃபிளையைத்தான் முதலில் எடுத்தேன். நான் பொய்யிரை என்றே சொல்கிறேனே. நூல் ஒரு இழை பிசகவில்லை, தலை மினுமினுப்பு. ஆனால் கிணற்றடித் தொட்டியில் போட்டு இழுத்தால் விறகுக்கொள்ளி இழுபட்ட மாதிரி நேராக வருகிறது. மீன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதன்மேல் பிழை இல்லை, பிள்ளை.

சேவலின் கழுத்து இறகை அடர்த்தியாகச் சுற்றியிருக்கிறாய். அது விறைப்பு. மேலே மிதக்க வேண்டிய இரைக்கு அந்த விறைப்பு உதவும், தண்ணீருக்குள் அசைய வேண்டியதற்கு உதவாது. நான் நம் பேட்டுக்கோழியின் கழுத்திறகை எடுத்து இரண்டே சுற்றுச் சுற்றினேன். இழுத்தால் மடங்குகிறது, நிறுத்தினால் விரிகிறது. மூச்சு விடுவது போலத்தான் இருந்தது.

வாலுக்கு நீ அனுப்பிய மராபு. பழைய காலத்தில் மராபு நாரையின் இறகாம், இப்போது வான்கோழியின் அடியிறகு. காய்ந்திருக்கும்போது பஞ்சுப் பொதி, நனைந்தால் நாலு மயிர்தான் மிஞ்சும். அதனால் எச்சில் தொட்டு நனைத்த பிறகு அளவு பார். கத்தரிக்கோல் வேண்டாம், நகத்தால் கிள்ளு. வெட்டினால் நுனி மொட்டையாகி அசைவு போய்விடும். தூண்டில் தண்டின் நீளத்துக்கு மேல் வால் போனால் வளைவில் சுற்றிக்கொள்ளும். எனக்கு மூன்று தரம் சுற்றியது.

நீ அனுப்பியதில், தலையில் ஈயக் குண்டைக் கண்ணாக வைத்த மாதிரிதான் எனக்குப் பிடித்தது. பென்சில்வேனியாவின் பொப் கிளவுசர் 1980களில் பாஸ் மீனுக்காகச் செய்தது என்றாயே, மனுசன் கெட்டிக்காரன். பாரம் முன்னுக்கு இருப்பதால் விட்டால் தலைகுப்புற இறங்கும், சுண்டினால் எழும்பும். கண்ணைத் தண்டின் மேற்பக்கம் கட்டுவதால் இரை புரண்டு கூர் மேலே பார்க்கும். பட்ட மரக்கட்டையும் தாமரைக் கொடியும் கிடக்கிற நம் குளத்துக்கு இது பெரிய காரியம். தங்கூசி நூலை இறுக்கிக் கட்டாமல் சின்ன வளையம் விட்டு முடி. அப்போதுதான் தலை ஆடும்.

நேற்றுப் பின்னேரம் குளத்து மதகு இருக்கிற துருசடிக்குப் போனேன். உன்னுடையது போல எறிவதற்குப் பாரமான நூல் என்னிடம் ஏது? மூங்கில் தடியில் கட்டித் தாமரை ஓரமாக ஆட்டினேன். விரால் ஒன்று மூச்செடுக்க மேலே வந்தது, அப்படியே திரும்பிக் கவ்வியது. ஒரு குத்து, அவ்வளவுதான். தூண்டிலின் வளைவு நிமிர்ந்து விட்டது.

குஞ்சோடு திரியும் விரால் என்றால் நான் போட்டிருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும்.

மருமகனைக் கேட்டதாகச் சொல். அடுத்த பெட்டியில் இன்னும் தடித்த தூண்டில் போட்டுவிடு. விராலின் வாய்க்கு இது காணாது. இறகு வேண்டாம், அம்மா கோழி வளர்க்கிறாள்.

அன்புடன்,
அப்பா