அந்த வியாதிக்கு நரம்பு என்று பெயர் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டீ மாஸ்டர். விடியற்காலை நாலரைக்கு பாய்லர் பக்கத்தில் நின்றால் பகல் ஒரு மணி வரை நிற்பேன். அப்புறம் மூன்றிலிருந்து ராத்திரி ஒன்பது. 26 வருஷமாக இதுதான். உங்கள் பேப்பரை வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு போன பிறகு, மிஞ்சுவதை நான் படிப்பேன். போன வாரம் எனக்கு மிஞ்சியது மருத்துவப் பக்கம். காலில் பச்சையாகப் புடைத்து நெளியுமே, அந்த வியாதிக்கு ‘நரம்புச் சுருட்டல்’ என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நான் நாலு வருஷத்தைத் தொலைத்தவன்.

எனக்கு வலது கால். பார்த்தவர்கள் எல்லாரும் “நரம்பு சுருட்டிக்கிச்சு மாஸ்டர்” என்றார்கள். நரம்பு என்றால் நரம்பு மாத்திரைதானே? மெடிக்கலில் கேட்டு சிவப்பு கேப்சூல் வாங்கித் தின்றேன். ஒருவர் எண்ணெய் போட்டு நரம்பை நீவி எடுக்கிறேன் என்று மூன்று மாதம் உருவினார். சாயங்காலமானால் அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கால் கனக்கும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து, ஓயாத அரிப்பு.

ஒரு ராத்திரி குளிக்கும்போது அந்த இடத்தைச் சொறிந்துவிட்டேன். ரத்தம் பீச்சி எதிர்ச் சுவரில் அடித்தது. பதறிப்போய், நின்றபடியே துண்டை முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். இன்னும் வேகமாக வந்தது. என் மனைவிதான் துண்டை அவிழ்த்து என்னைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, அந்த இடத்தை மட்டும் மடித்த துணியால் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றது. அவள் செய்ததுதான் சரி என்று பிறகு டாக்டரும் சொன்னார். மேலே கட்டினால் ரத்தம் ஏறிப் போக வழியில்லாமல் ஓட்டை வழியாகத்தான் வருமாம்.

அன்றைக்குத் தரையைத் துடைத்துக்கொண்டே பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் சொன்னாள்: “நரம்புல ரத்தம் ஓடாதுப்பா. இது சிரை, ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோற குழாய்.”

மறுநாளே பாண்டிக்கு பஸ் ஏறினேன். ஸ்கேன் என்றதும் படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன், நிற்கச் சொன்னார்கள். கெண்டைக்காலை அமுக்கி விட்டால் ரத்தம் மேலே ஏறுகிறது, கையை எடுத்ததும் ‘புஸ்’ என்ற சத்தத்தோடு திரும்பிக் கீழே வருகிறது. அப்படி அரை விநாடிக்கு மேல் திரும்பி ஓடினாலே கோளாறாம். நான் அடிபம்ப் வாஷரை நினைத்துக்கொண்டேன். கால் ரத்தம் இருதயத்துக்கு மேலேறிப் போக வேண்டும். அது திரும்பி வராமல் இருக்கக் குழாய்க்குள் வால்வு உண்டு. மேலே தள்ளுவது கெண்டைச் சதை. நடந்தால்தான் சதை தள்ளும். என்னைப் போல ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் தேங்கித் தேங்கி, குழாய் விரிந்து, வால்வு மூடாமல் போய்விடும். குடும்ப வாகும் உண்டு. என் அம்மாவுக்கு நாலாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு காலிலும் இருந்தது.

சிகிச்சை ஒரே காலைப் பொழுது. முழங்கால் பக்கம் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய லேசர் கம்பியைத் தொடை வரை ஏற்றினார்கள். அந்தக் குழாய் நெடுக மரத்துப்போகும் மருந்து கலந்த தண்ணீரை ஊசியால் இறக்கினார்கள். அதில்தான் கொஞ்சம் வலி. அந்தத் தண்ணீர், பக்கத்தில் இருக்கும் சதையும் நரம்பும் சூடு படாமல் காக்குமாம். இந்தக் கதையில் நிஜமான நரம்பு வருவதே அந்த இடத்தில் மட்டும்தான். லேசர் சூட்டில் குழாய் சுருங்கி மூடிக்கொள்கிறது. அப்புறம் ரத்தம் எப்படிப் போகும் என்று கேட்டேன். பெரும்பங்கு எப்போதுமே ஆழத்தில் இருக்கும் குழாய்களில்தான் போகிறது, அங்கே அடைப்பு இல்லையா என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் இதை மூடுகிறோம் என்றார் டாக்டர்.

முடிந்ததும் நடக்கவிட்டார்கள். சாயங்காலமே பஸ் ஏறி வீடு வந்தேன். பத்து நாள் தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுதான் பெரிய தண்டனை. தொடைக்குள் கயிறு இழுப்பது போல ஒரு வாரம் இருந்தது. ஐந்தாம் நாள் கடைக்கு வந்துவிட்டேன்.

அதனால் ஆசிரியரே, அடுத்த முறை ‘ரத்தக்குழாய்ச் சுருட்டல்’ என்று போடுங்கள். சிரை என்பதுதான் சரியான சொல் என்கிறாள் மகள். ஆனால் எங்கள் கடையில் சிரை என்றால் பக்கத்து சலூனைத்தான் கை காட்டுவார்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் முதலாளியும் ஸ்டூல் போட்டிருக்கிறார். உட்கார்ந்துகொண்டு டீ ஆற்ற முடியாது, அது வேறு விஷயம். கூட்டம் குறைந்தால் உட்காருகிறேன். மற்ற நேரத்தில் டாக்டர் சொன்னபடி குதிகாலை ஏற்றி ஏற்றி இறக்குகிறேன். “என்ன மாஸ்டர், டான்ஸா?” என்கிறார்கள். இடது காலிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. தை பிறந்ததும் அதையும் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டீ மாஸ்டர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.